அறுநூறு பந்தங்களும் ஒரே ஒரு சாவியும்

நான்கு லட்சம். ஹெக்விக் உருக்காலையின் சலவைக்கூடத்தில் குன்வோர் என்ற பெண்மணி முப்பத்தொரு ஆண்டுகளில் துவைத்து, காயவைத்து, மாட்டிய வேலை உடுப்புகளின் தோராயமான எண்ணிக்கை இது. கணக்குப் போட்டவர் அவர் அல்ல. ஆலையின் ஆண்டு மலரில் யாரோ போட்டது. "என்னைக் கேட்டிருந்தா, அதுல பாதி ஒட்மண்டோடதுன்னு சொல்லியிருப்பேன்" என்றார் அவர். உலையடியில் ஒட்மண்டைப் போல அழுக்காகிறவன் வேறு யாரும் இல்லை. அவன் சட்டைப்பையில் எப்போதும் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று இருக்கும்.

துவைக்கும் முன் எல்லாப் பைகளையும் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரு திருகாணி இயந்திரத்தையே கெடுத்துவிடும். குன்வோர் கிடைத்ததையெல்லாம் ஒரு பழுப்புக் காகிதப் பையில் போட்டு, வாய்ப்புறம் மடித்து, அந்த உடுப்பு தொங்கும் கொக்கியிலேயே குத்திவிடுவார். புகையிலை டப்பி, திருகாணி, பிள்ளைகள் வரைந்த படம். சில சமயம் டாக்டர் சீட்டு, வக்கீல் கடிதம், வீட்டில் இருக்கும் மனைவி எழுதாத கடிதம். யார் பையில் என்ன இருந்தது என்று அவர் வாயிலிருந்து இதுவரை ஒரு சொல் வந்ததில்லை. மற்ற எல்லா விஷயங்களிலும் அந்த வாய்க்கு ஓய்வே கிடையாது.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு இரண்டாம் உலை வெடித்தது. உள்ளே எங்கோ தண்ணீர் கசிந்திருக்கிறது. உலையின் வாயைத் திறந்ததும் உலோகக் குழம்பு சீறி வெளியே வந்தது. முன்னால் நின்ற ஒட்மண்ட் அங்கேயே இறந்தான். ஐம்பத்தொரு வயது. அவனுக்குப் பின்னால் நின்ற ஐவின்ட்டுக்கு முப்பத்து நான்கு. இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோய், பெர்கன் மருத்துவமனையில் ஆறு வாரம் கிடந்தான்.

ஆயிரத்து நானூறு பேர் இருக்கிற ஊர் இது. ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று ஆயிரத்து நானூறு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஒட்மண்டின் மனைவி யோருன் வீட்டுக்குப் பூ வந்தது; பாட்டில்கள் தீர்ந்து, வாளிகள் தீர்ந்து, கடைசியில் குளியல் தொட்டியில் பூ கிடந்தது. ஐவின்ட்டின் மனைவி தோன்யாவின் வீட்டுக்கு மீனும் மக்ரோனியும் வெள்ளைக் குழம்பும் சேர்த்துச் சுட்ட தட்டுகள் வந்தன. பதினோரு தட்டு. தோன்யாவுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஆளாளுக்கு, மற்றவர்கள் வேறு ஏதாவது கொண்டுபோவார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஊர்வலத்துக்குக் குழு அமைத்தார்கள். தலைமை யார் என்று கேட்டபோது எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். குன்வோருக்கு அன்று வயிறு சரியில்லை, காபி எடுத்துக்கொள்ளவில்லை. பார்ப்பதற்குக் கோப்பை இல்லை. அப்படித்தான் தலைவரானார்.

எங்கள் ஊரில் ஊர்வலம் என்றால் பந்த ஊர்வலம்தான். பள்ளியை மூடப் போகிறார்கள் என்றபோது பந்தம் ஏந்தினோம்; மூடினார்கள். படகை நிறுத்தப் போகிறார்கள் என்றபோது பந்தம் ஏந்தினோம், நிறுத்தினார்கள். ஆனாலும் துக்கமோ கோபமோ, கையில் மெழுகுப் பந்தம் இல்லாமல் எங்களுக்குக் காட்டத் தெரியாது. பிப்ரவரி இருபத்தேழு, வியாழன், மாலை ஆறு மணி. ஆலை வாசலில் தொடங்கி, கரைச்சாலை வழியே யோருன் வீட்டு முன் நின்று ஒரு பாட்டு, அதே சாலையில் இருக்கும் ஐவின்ட் வீட்டு முன் நின்று ஒரு பாட்டு, பிறகு தேவாலயம். அறுநூறு பந்தம் சொல்லியாயிற்று. நெருப்பில் செத்தவனுக்காகவும் நெருப்பில் வெந்தவனுக்காகவும் நெருப்பைத் தூக்கிக்கொண்டு போகிறோமே என்று குழுவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. குன்வோருக்கும் உறைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் அவர் இன்னமும் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

உறைத்தது ஞாயிற்றுக்கிழமை. ஐவின்ட் மருத்துவமனையிலிருந்து வந்து மூன்றாம் நாள். ஊர்வல அறிவிப்புத் தாளை நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று குன்வோர் போனார். மீன் கொண்டுபோகக் கூடாது என்கிற புத்தி மட்டும் இருந்தது. தடியாக ஒரு வெள்ளை மெழுகுவத்தி வாங்கிப் போனார். குளிர்காலத்தில் இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் மேசையில் ஒன்று எரியும். அந்த வீட்டு மேசையில் ஒன்றும் இல்லை. தோன்யாவுக்கு நேரம் இருந்திருக்காது, பாவம், என்று நினைத்து, குன்வோர் தானே எடுத்து வைத்து, தானே தீக்குச்சியைக் கிழித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஐவின்ட் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சோடு அணைத்தபடி உள்ளறைக்குப் போய், முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்திக்கொண்டான்.

தோன்யா தீக்குச்சியை ஊதி அணைத்தாள். குன்வோரின் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள். இங்கே ஊர்த் தலைவர் முதல் பாதிரியார் வரை எல்லோரையும் எல்லோரும் 'நீ' என்றுதான் பேசுவோம். அன்று தோன்யா பேசியதில் அந்த 'நீ' கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது.

"நீ இந்தத் தாளை எடுத்துட்டு வந்தியே, படிச்சுப் பாத்தியா? அறுநூறு பந்தம். எங்க வாசல்ல நின்னு பாட்டு. ரொம்ப நல்லா இருக்கும்."

"எனக்குத் தெரியாது தோன்யா. சத்தியமாத் தெரியாது."

"அடுப்பு மின்சார அடுப்புதான். அதுல சிவப்பு விளக்கு எரிஞ்சாலே அவன் சமையலறைக்கு வர மாட்டேங்கறான். வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு அவனை வண்டியில ஏத்திக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அங்கயே இருந்துடலாம்னு நேத்தே சொல்லிட்டான். ஊருக்கே கையில நெருப்போட வரத் தோணிச்சுன்னா, அதுக்கப்புறம் அவன் ஏன் திரும்பி வரணும்?"

"நிறுத்திடறேன். சொன்னா எல்லாரும் புரிஞ்சுப்பாங்க."

அப்போதுதான் ஐவின்ட் கதவருகே வந்து நின்றான்.

"சொல்லக் கூடாது."

"ஐவின்ட்..."

"பதினாலு வருஷம் உலைக்கு முன்னாடி நின்னவன் நான். தீயைப் பாத்தா பயப்படறான்னு நாளைக்கு கேன்டீன்ல பேசுவாங்க. பாவம்னுதான் பேசுவாங்க, தெரியும். அதுதான் வேண்டாம். ஒருத்தர்கிட்டயும் சொல்லாத."

"பையில கிடைச்ச மாதிரி நினைச்சுக்கோ" என்றார் குன்வோர். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஆக, நான்கு நாளில் அறுநூறு பந்தங்களை நிறுத்த வேண்டும். ஏன் என்று சொல்லக் கூடாது.

திங்கள் மாலை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குழு கூடியது. வாஃபிள் சுட்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் ரூவால்ட் வந்திருந்தார். பாதிரியார் சிக்ரூன் வந்திருந்தார். ஊரின் பகுதிநேரத் தீயணைப்புப் படைக்குத் தலைவனும், மற்ற நேரத்தில் முதலாம் உலையின் ஆளுமான ஷெத்தில் வந்திருந்தான். குன்வோர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பந்தம் வேண்டாம்னு நினைக்கிறேன். காத்து ஜாஸ்தி இருக்கும்."

"பாத்துட்டேன்" என்றார் ரூவால்ட், கைபேசியைக் காட்டி. "வியாழக்கிழமை காத்தே இல்ல. மைனஸ் எட்டு. அருமையான வானிலை."

"எல்லாரும் நைலான் சட்டை போட்டுட்டு வருவாங்க. பொறி பட்டா?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்!" ஷெத்திலுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "பெரிய வண்டியையே பின்னாடி ஓட்டிட்டு வரேன். நீ கவலைப்படாத குன்வோர்."

"சின்னப் பிள்ளைங்க வருவாங்க."

"சாரணர் பிள்ளைங்க பத்தடிக்கு ஒரு மணல் வாளி வெக்கிறாங்களாம்" என்றார் சிக்ரூன். "அவங்களே கேட்டாங்க. மனசு நெகிழ்ந்து போச்சு."

"வழியெல்லாம் மெழுகு சொட்டும். யாரு சுரண்டுறது?"

"மறுநாள் எல்லாருமாச் சேந்து சுரண்டலாம். அதுக்கும் வாஃபிள் போட்டுடலாம்."

குன்வோர் ஒரு சங்கடம் சொல்லச் சொல்ல, அதற்கு மூன்று பேர் உதவிக்கு ஓடிவந்தார்கள். கூட்டம் முடியும்போது பந்தங்களோடு ஒரு தீயணைப்பு வண்டி, நாற்பது வாளி மணல், ஒரு முதலுதவிக் கூடாரம், பித்தளை வாத்தியக் குழு எல்லாம் சேர்ந்திருந்தன. "உனக்கு அலைச்சல் ஜாஸ்தி. கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்று ரூவால்ட் முதுகில் தட்டிக்கொடுத்தார். குன்வோர் வீட்டுக்குப் போய்த் தலையணையை எடுத்துச் சுவரில் அடித்ததாகச் சொல்கிறார். நான் நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை பந்தங்கள் வந்து இறங்கின. ஆலை வாசலுக்குப் பக்கத்தில் ஈரமில்லாத அறை சலவைக்கூடம் ஒன்றுதான், அங்கேயே அடுக்கினார்கள். முப்பது அட்டைப்பெட்டி. இயந்திரத்துக்கும் மேசைக்கும் நடுவில் குன்வோர் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. அந்த அறைக்கு ஒரே ஒரு சாவி. இன்னொன்று 2009-இல் தொலைந்துவிட்டது. புதிதாகச் செய்து தரும்படி குன்வோர் நான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு முறையும் ஆலை அலுவலகம் நன்றி சொல்லிப் பதில் போட்டிருக்கிறது.

புதன்கிழமை ரூவால்டைத் தனியாகப் பிடித்தார். "காரணம் கேக்காத. பந்தம் வேண்டாம், அவ்வளவுதான்" என்றார்.

"காரணம் இல்லாம எப்படி குன்வோர்? ஜனங்க ஆதரவு காட்டணும்னு துடிக்கிறாங்க. டிவிக்காரங்க வேற வராங்க."

"யாருக்கு ஆதரவு?"

"அந்தக் குடும்பங்களுக்கு."

"குடும்பங்களைக் கேட்டியா?"

"கேட்டு அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் கேக்கல" என்றார் ரூவால்ட். சொன்னதில் துளி கபடம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்கிறார் குன்வோர். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போகலாம்.

அன்று மாலை தோன்யாவுக்குப் போன் போட்டார். "வண்டியை எடுக்காத. தீ வராது."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"தீ வராது. ஆறரை வரைக்கும் பொறு. தீயோட வந்தா, வண்டியை என் மேலயே ஏத்திட்டுப் போ."

வியாழன் நான்கு மணிக்கு வேலை முடிந்தது. குன்வோர் கூடத்தைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இரண்டு அங்குலக் கனமான இரும்புக் கதவு. தீ பரவாமல் இருக்கக் கூடத்தைக் கட்டும்போதே ஆலை போட்டது. படகு வராத பழைய படகுத்துறைக்கு நேரே நடந்தார். விளிம்பில் நின்று சாவியை ஃபியோர்டுக்குள், மலைகளுக்கு நடுவே ஊர்வரை நீண்டுவரும் அந்தக் கடலுக்குள், எறிந்தார். அந்த இடத்தில் ஆழம் எண்பது மீட்டர். பிறகு வீட்டுக்குப் போய் ரொட்டி சாப்பிட்டார்.

ஆறு மணிக்கு ஆலை வாசலில் அறுநூறுக்கு மேல் ஜனம். இருட்டிவிட்டிருந்தது. நாயை உலாவக் கூட்டிப் போனாலும் பனிச்சறுக்கப் போனாலும் கட்டிக்கொண்டு போகிற நெற்றி விளக்கை, வழக்கம்போல முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பந்தம் கைக்கு வந்ததும் அணைத்துவிடலாம் என்று. வாத்தியக்காரர்கள் உதடு பித்தளையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஊதுவாய்களைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்கள். யோருன் முன்வரிசையில், ஒட்மண்டின் பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். குன்வோர் சலவைக்கூடத்தின் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"சாவி?" என்றார் ரூவால்ட்.

"இல்ல."

"இல்லன்னா? வீட்டுல வெச்சுட்டியா? யாரையாவது அனுப்பலாம்."

"ஃபியோர்டுல இருக்கு."

"விழுந்துடுச்சா?"

"எறிஞ்சேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குச் சொன்னார்கள். பின்வரிசை அதற்குப் பின்னால் சொன்னது. 'எறிஞ்சாளாம்' என்ற சொல் கூட்டத்தின் மேல் அலைபோலப் போய், மேட்டில் நின்ற தொலைக்காட்சி வண்டி வரைக்கும் சேர்ந்தது. யாரோ ஒருவர், "பாவம், இவளுக்கும் அதிர்ச்சிதான்" என்றார். பாதிரியார் சிக்ரூன் கையை நீட்டிக்கொண்டு அருகே வந்தார்.

"என்னைத் தொடாத சிக்ரூன். எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. உங்க எல்லாருக்கும்தான் எங்க போச்சுன்னு தெரியல."

அந்த நேரம் பார்த்து ஷெத்தில் உற்சாகமாக வந்தான். தோளில் வண்டியின் கோடரி. பின்னால் இன்னொருவன் கையில் கதவு பிளக்கும் கருவி.

"இது ஒரு விஷயமா? ரெண்டே நிமிஷம். கொஞ்சம் தள்ளு குன்வோர்."

மணி ஆறு பத்து. கரைச்சாலையில், ஐந்நூறு மீட்டர் தள்ளி, தோன்யாவின் கார் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குன்வோரால் அதன் பின்விளக்குகளைப் பார்க்க முடிந்தது.

"ஷெத்தில்" என்றார் அவர். கத்தவில்லை. "உன் சட்டையை எத்தனை வருஷமா துவைக்கிறேன்?"

"பதினெட்டு."

"உன் பையில என்னென்ன கிடைச்சுது, ஞாபகம் இருக்கா?"

ஷெத்திலின் கண் கூட்டத்துக்குள் ஓடியது. அவன் மனைவி மூன்றாம் வரிசையில் நின்றிருந்தாள்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? ஒரு தடவை?"

"இல்ல."

"ரூவால்ட், நீயும் ஆறு வருஷம் உலையில வேலை பாத்திருக்க. சொல்லியிருக்கேனா?"

ரூவால்ட் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"இங்க நிக்கற ஆம்பளைங்கள்ல பாதிப் பேரோட பையை முப்பத்தொரு வருஷமா காலி பண்ணியிருக்கேன். மடிச்சுக் குத்தி வெச்சிருக்கேன். ஏன், எதுக்குன்னு உங்களை ஒரு நாள் கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க என்னைக் கேக்காம இருங்க. கதவு திறக்காது. தீ கிடையாது. அவ்வளவுதான்."

உலைக்காரர்கள் பக்கம்தான் முதலில் ஏதோ அசைந்தது. ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். அவன் திரும்பிக் கரைச்சாலைப் பக்கம் பார்த்தான். கேட்க வேண்டாம் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஷெத்தில் கோடரியை மெதுவாக இறக்கி, தலைகீழாகப் பனியில் குத்தி நிறுத்தினான்.

"நடக்கலாமா?" என்றாள் யோருன். "கால் மரத்துப் போச்சு. ஒட்மண்டா இருந்தா இதுக்குள்ள வீட்டுக்குப் போய் காலை நீட்டியிருப்பான்."

அவள் தன் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அறுநூறு பேரும் பின்னால் போனார்கள், நெற்றி விளக்கு இருந்தவர்கள் அதன் வெளிச்சத்தில். விளக்கில்லாதவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். யோருன் வீட்டு முன் ஒரு பாட்டு. குன்வோர் அதைக் கேட்கவில்லை; முன்னால் ஓடிப்போய், இயந்திரம் அணையாமல் நின்ற காரின் கண்ணாடியைத் தட்டினார். ஐவின்ட் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்த்தான். சாலை முழுக்க வெள்ளை வெளிச்சம். மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. நீண்ட நேரம் பார்த்தான். தோன்யா இயந்திரத்தை அணைத்தாள்.

கூட்டம் வந்து சேர்ந்தபோது அவன் வீட்டுப் படியில் நின்றிருந்தான். ஏழு வாரமாகப் பார்க்காத ஆளைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைத் தூக்கினார்கள். அறுநூறு விளக்கும் ஒரே நேரத்தில் அவன் கண்ணில் அடித்தன. கட்டுப்போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஐவின்ட் கத்தினான்:

"டேய், எறக்குங்கடா! ஷெத்தில், முதல்ல உன்னோடதை எறக்கு! குருடாக்கவா வந்தீங்க?"

அறுநூறு தலைகள் குனிந்தன. தரைப்பனி வெளுத்தது. குனிந்த தலையோடு எப்படி ஊதுவது என்று வாத்தியக் குழுவுக்குத் தெரியவில்லை, இருந்தும் ஊதினார்கள். மோசமாகத்தான் இருந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு. ஊர்வலத்தில் களை இல்லை என்று அடுத்த வாரம் பத்திரிகைக்கு மூன்று கடிதம் வந்தது. ரூவால்ட் குன்வோரிடம் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏப்ரலில் ஐவின்ட்டே கேன்டீனுக்கு வந்து, எல்லோர் முன்னாலும், அவனாகவே சொன்னான். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது. மீன் தட்டு இனிமே வேண்டாம்னும் சேத்து எழுது. இன்னும் நாலு மிச்சம் இருக்கு" என்றான். சேர்த்துவிட்டேன்.

பூட்டு ஆசாரி அடுத்த ஊரிலிருந்து திங்கட்கிழமை வந்து கதவைத் திறந்தார். பந்தங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், பொது இடத்தில் எரிக்கலாம் என்று சொல்ல இனி ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. இந்த முறை ஆலை இரண்டு சாவி செய்து கொடுத்தது. ஒன்று குன்வோரிடம். மே இரண்டாம் தேதியிலிருந்து ஐவின்ட் சலவைக்கூடத்தில் நாளுக்கு நான்கு மணி நேரம் வேலைக்கு வருகிறான், மற்றது அவனிடம்.